சேத்துமலைச் சுவருக்குள்

2016 ஜூன் 6, திங்கள்

காலையில் பால் பூத் வரை நடந்தேன். போக நானூறு காலடி, வர நானூறு. வரும்போது மூன்று இடத்தில் நின்றேன்.

டாக்டர் மெர்சி இப்படித்தான் எழுதச் சொன்னார். "எவ்வளவு தூரம் நடந்தீங்க, எத்தனை தடவை நின்னீங்க, தினமும் எழுதுங்க. கூடவே மனசுல என்ன தோணுதோ அதையும் எழுதுங்க. மூணு மாசம் கழிச்சு எடுத்துட்டு வாங்க." மகள் ஹேமலதா புதுவருஷத்துக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது.

எழுதுவது எனக்குப் புதிது இல்லை. ராணுவக் கட்டுமானப் பிரிவில் இருபத்திநாலு வருஷம் எலக்ட்ரீஷியன். ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். ஜெனரேட்டர் அறையில் மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து எழுதிய கை இது.

நோயின் பெயர் ஆஸ்பெஸ்டோசிஸ். கல்நார்த் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தழும்பாக்கிவிட்டதாம். முப்பது வருஷம் கழித்துக்கூட வருமாம். சரியாகுமா என்று கேட்டேன். "சரியாகாது. ஆனா வேகத்தைக் குறைக்கலாம். நடங்க, மூச்சுப்பயிற்சி செய்யுங்க, சளிக்காய்ச்சல் வராம பாத்துக்கங்க" என்றார். பூசி மெழுகாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

"ஷீட் கம்பெனியில வேலை செஞ்சீங்களா?"

"இல்லம்மா. ஒயர் இழுக்கற வேலைதான்."

"அப்ப இந்தத் தூசி எங்க கிடைச்சுதுன்னு யோசிச்சுச் சொல்லுங்க. உங்ககூட வேற யார் இருந்தாங்கன்னும் சொல்லுங்க."

என் மனைவி சுலோச்சனாவிடம் நுரையீரலில் கொஞ்சம் சளி என்று மட்டும் சொன்னேன். அவளுக்கும் ஒரு மாதமாக இருமல். பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், அந்த நெடி.

ஜூன் 8, புதன்

நேற்று முழுக்க யோசித்தேன். இன்று மிக்ஸிக்கு கார்பன் பிரஷ் மாற்றிக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று வந்தது. சேத்துமலை.

1979 முதல் 82 வரை. மலைமேல் புது ராணுவ முகாம். ஐந்து பிளாக், ஒரு பாய்லர் அறை, கீழே குடும்பங்களுக்கு குவார்ட்டர்ஸ். வெளிச்சுவர் ஆஸ்பெஸ்டாஸ் தகடு. உள்ளே ப்ளைவுட். முதல் குளிர்காலத்தில் ஜவான்கள் விறைத்துப் போனார்கள். உடனே லாரியில் மூட்டை மூட்டையாக ஏதோ வந்தது. பிரித்தால் வெள்ளைப் பஞ்சு மாதிரி. இரண்டு சுவருக்கும் நடுவில் அதை அடைத்தோம். குளிர் நின்றது. எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை ஒயர் இழுக்கும்போதும் சுவரைத் திறந்தோம். தகட்டை ஹேக்ஸா பிளேடால் அறுத்தோம். கை டிரில்லால் துளை போட்டோம். உள்ளே கையை விட்டுப் பஞ்சை ஒதுக்கினோம். மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. முனிரத்தினம் என்னைப் பார்த்து, "என்னடா பஞ்சாட்சரம், ஒரே நாள்ல கிழவனாயிட்ட" என்பான். சிரிப்போம்.

மூன்று வருஷம் தினமும். நான், முனிரத்தினம், பாலக்காட்டு வர்கீஸ். மூன்று பேர்தான் அந்த செக்‌ஷன்.

ஜூன் 9, வியாழன்

பால் பூத். இரண்டு நிறுத்தம்.

ஜூன் 13, திங்கள்

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் கேட்டு இரண்டு பேருடைய நம்பரும் வாங்கினேன்.

வர்கீஸ் வீட்டில் அவன் மகன் எடுத்தான். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது என்றான். என்ன உடம்புக்கு என்றேன். டிபி என்று சொல்லி ஒரு வருஷம் மருந்து கொடுத்தார்களாம், கேட்கவில்லையாம். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாராம், படுத்தால் மூச்சு வரவில்லையாம். ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன்.

முனிரத்தினம் உயிரோடு இருக்கிறான். பர்கூரில் இருக்கிறான். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தினான்.

"நான் பீடி குடிச்ச பாவம்னு நெனைச்சுட்டு இருக்கேன்டா."

"நான் பீடியே குடிச்சதில்லையே முனிரத்தினம்."

அப்புறம், "அந்தப் பஞ்சா?" என்றான். நான் சொல்வதற்கு முன்னால் அவனே சொன்னான்.

ஜூன் 17, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் பாக்கியநாதன் வந்தான். நம் தெருவுக்குப் பின்னால் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான், பெரிய கட்டிடங்களுக்கு ஒயரிங் காண்ட்ராக்டும் எடுக்கிறான். கையில் மிக்சர் பொட்டலம். ஏதோ காரியமாக வந்திருக்கிறான் என்று புரிந்தது.

"அண்ணே, சேத்துமலை முகாம்ல ஒயரிங் முழுக்க மாத்தறாங்க. வேலை நமக்குத்தான் வந்திருக்கு. பழைய டிராயிங் பாதி கரையான் அரிச்சுப் போச்சாம். லைன் எப்படிப் போகுதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நீங்க போட்ட லைன்தானே? ஒரு நாள் உட்கார்ந்து வரைஞ்சு குடுத்தீங்கன்னா போதும்."

எத்தனை பேர் போகிறீர்கள் என்றேன். பன்னிரண்டு பேர். ஜூலை 18 ஆரம்பம். பழைய பைப்பை உருவிவிட்டு, சுவரைத் துளைத்துப் புதிதாகப் போடப் போகிறார்களாம். பவர் டிரில். நாங்கள் கையால் ஒரு நாள் போட்ட துளையை அது அரை மணியில் போடும்.

சுவருக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னேன். எனக்கு என்ன வந்திருக்கிறது என்றும் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் உடனே, "துணி கட்டிக்கிட்டு செஞ்சா ஆச்சுண்ணே. நம்ம ஊர்ல எந்த வீட்டுல ஆஸ்பெஸ்டாஸ் கூரை இல்ல?" என்றான்.

"கூரை சும்மா கிடக்குது பாக்கியநாதா. இதை நீங்க துளைக்கப் போறீங்க. உள்ள இருக்கறது தகடுகூட இல்ல, தூளு. துணியில நிக்காது."

"வரைஞ்சு குடுப்பீங்களா மாட்டீங்களா?"

"இந்த நிலைமையில குடுக்க மாட்டேன்."

மிக்சரை வைத்துவிட்டுத்தான் போனான். சுலோச்சனா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "சளின்னு சொன்னீங்க" என்றாள். "சளி மாதிரிதான்" என்றேன்.

ஜூன் 20, திங்கள்

முகாமின் கட்டுமானப் பொறுப்பு அதிகாரிக்குக் கடிதம் எழுதி ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். எந்த பிளாக், எந்த அறை, எந்த வருஷம், என்ன அடைத்தோம் என்று நம்பர் போட்டு நான்கு பக்கம். சுலோச்சனா ரேஷன் கடைக்குப் போனவள் திரும்ப மதியம் ஆகிவிட்டது. கூட்டமாம்.

பால் பூத் போகவில்லை. தபாலாபீஸ் போய் வந்ததே போதும். நான்கு நிறுத்தம்.

ஜூன் 25, சனி

மாடித் தண்ணீர்த் தொட்டி மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை. கெப்பாசிட்டர் போயிருந்தது, மாற்றினேன். மாடிப்படி பதினெட்டு. ஆறு, பன்னிரண்டு, பதினாறு ஆகிய படிகளில் நின்றேன். ஸ்குரூ டிரைவர் வேண்டும் என்று கீழே குரல் கொடுத்தேன். சுலோச்சனா கொண்டு வந்தாள். அவளும் பன்னிரண்டாவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வெயில் அதிகம்.

ஜூலை 1, வெள்ளி

பதில் வந்தது. பத்து நாளில் பதில் போட்டது நல்ல விஷயம்தான். ஆனால் எழுதியிருந்தது: 'ஆவணங்களின்படி உட்சுவர் ப்ளைவுட். சுவருக்குள் அபாயகரமான பொருள் எதுவும் பதிவில் இல்லை. தங்கள் அக்கறைக்கு நன்றி.' மேஜர் அனுராதா என்று கையெழுத்து.

பதிவில் இருக்காது. குளிர் வந்த பிறகு அவசரத்தில் செய்த வேலை, யார் டிராயிங்கைத் திருத்தினார்கள்? அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் இல்லை.

முனிரத்தினத்துக்கு ஃபோன் செய்தேன். நேரில் போவோமா என்றேன். "மலைக்கா? நான் வீட்டு வாசல்படி ஏறவே ரெண்டு தடவை உட்காரறேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னைக்குன்னு சொல்லு" என்றான்.

ஜூலை 5, செவ்வாய்

டாக்டர் மெர்சியிடம் போய், என் நோய் பற்றி ஒரு கடிதம் வாங்கினேன். முனிரத்தினத்தையும் போன வாரம் வரவழைத்துப் பார்த்தாராம், அவனுக்கும் அதேதான். கடிதத்தைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, "வீட்ல அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவங்ககிட்ட மனசுவிட்டுப் பேசுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 7, வியாழன்

தெருவில் பாக்கியநாதன் மனைவி என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பன்னிரண்டு குடும்பத்துப் பிழைப்பை ஒரு கிழவன் கெடுக்கிறான் என்று பேச்சு. பேசட்டும். அந்தப் பன்னிரண்டு குடும்பத்தை நினைத்துத்தான் செய்கிறேன்.

ஜூலை 9, சனி

சேத்துமலை குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்தது. கல்யாணமாகி நான்கு மாதத்தில் சுலோச்சனாவை அங்கே கூட்டிப் போனேன். ஹேமலதா அங்கேதான் பிறந்தாள். ஒரே அறை, ஒரு சமையல் தடுப்பு. வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி

இதைப் பற்றி இன்று எழுத வேண்டாம்.

ஜூலை 12, செவ்வாய்

விடியற்காலை பஸ். நானும் முனிரத்தினமும் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு. சுலோச்சனா குளித்து, புடவை மாற்றி, கையில் ஒரு துணிப்பையோடு தயாராக நின்றாள். "ரெண்டு பேரும் வழியில மயங்கி விழுந்தா தண்ணி குடுக்க ஆள் வேணாமா?" என்றாள். பையில் தயிர்சாதம் இருக்கும் என்று நினைத்தேன்.

முனிரத்தினம் கிருஷ்ணகிரியில் ஏறினான். பதினெட்டு வருஷத்துக்கப்புறம் பார்க்கிறேன். பாதி ஆளாகிவிட்டான். "நீ மட்டும் என்ன?" என்றான், நான் எதுவும் சொல்வதற்கு முன்னால்.

முகாம் கேட்டில் முன்னாள் ராணுவ வீரர் அட்டையைக் காட்டினோம். காவலில் இருந்த சிப்பாய் சல்யூட் அடித்துவிட்டு, நாங்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்து அவனாகவே ஒரு ஜீப்பை வரவழைத்தான்.

மேஜர் அனுராதா திருச்சிப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். சுலோச்சனா சுவரோரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஐயா, டிராயிங்ல இருக்கறதைத்தான் நான் பார்க்க முடியும்" என்று விரித்துக் காட்டினார். "இங்க பாருங்க, ப்ளைவுட்."

"ப்ளைவுட்தான் மேடம். அதுக்குப் பின்னாடி அடைச்சது இதுல இல்ல. நாங்கதான் கையால அடைச்சோம்."

"எலக்ட்ரீஷியன் எதுக்கு அதைச் செய்யணும்?"

முனிரத்தினம் சொன்னான். "ஒயருக்காக சுவரைத் திறந்தவன்தான் மேடம் மூடணும். அப்ப அதுதான் உத்தரவு."

டாக்டர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "உங்க ரெண்டு பேருக்கும் உடம்பு சரியில்லைங்கறதை நான் மறுக்கல. ஆனா இருபது, இருபத்தஞ்சு வருஷம் எத்தனையோ இடத்துல வேலை செஞ்சிருப்பீங்க. பாய்லர், வெல்டிங் புகை, சிமெண்ட். இந்தச் சுவர்தான் காரணம்னு எதை வெச்சு நான் மேல எழுதறது? வர்ற திங்கட்கிழமை வேலை ஆரம்பம். வாய்வார்த்தையை வெச்சு நிறுத்தினா என்னைக் கேள்வி கேப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை.

"நான் பேசலாமாம்மா?" என்று பின்னாலிருந்து சுலோச்சனா கேட்டாள்.

மேஜர் தலையாட்டினார்.

"நான் டிரில் புடிச்சதில்ல. பாய்லர் ரூம் பக்கம் போனதில்ல. வெல்டிங்கைப் பாத்ததுகூட இல்ல. வேற எந்த ஊர் முகாம்லயும் இவர்கூட இருந்ததில்ல, மாமியாரைப் பாத்துக்கிட்டு ஊர்லயே இருந்துட்டேன். இங்க மட்டும் மூணு வருஷம் இருந்தேன். சாயங்காலம் இவர் வந்து கழட்டிப் போடற சட்டையை வாசல்ல உதறுவேன். மாவு மாதிரி கொட்டும். அப்புறம் தோய்ப்பேன். நான் செஞ்சது அவ்வளவுதான்."

துணிப்பையிலிருந்து பெரிய பழுப்புக் கவரை எடுத்து மேஜை மேல் வைத்தாள். என் ஸ்கேனை எடுத்து வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"பேரைப் படிங்கம்மா."

மேஜர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் வெள்ளை எழுத்தில் 'சுலோச்சனா, 58' என்று இருந்தது. தேதி ஜூன் 20. ரேஷன் கடைக்குப் போன நாள்.

கூட டாக்டர் மெர்சியின் ரிப்போர்ட். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் இரண்டு பக்கமும் தடிப்பு, கல்நார்த் தூசியால் வரும் அடையாளம். மேஜர் அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முனிரத்தினம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

மேஜர் எழுந்தார். "அந்த இடத்தைக் காட்ட முடியுமா?"

மூன்றாவது பிளாக், நான்காவது அறை. நடந்தே போனேன், எத்தனை தடவை நின்றேன் என்று எண்ணவில்லை. மெயினை நிறுத்தச் சொல்லி, டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொண்டேன். மற்றவர்களை வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னேன். மூக்கில் ஆஸ்பத்திரி மாஸ்க். சுவிட்ச் போர்டைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியை அணைத்துப் பிடித்து, நான்கு ஸ்குரூவையும் மெதுவாகத் திருகினேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நானே முடுக்கிய ஸ்குரூ. போர்டை ஒரு விரல் அளவு விலக்கி டார்ச் அடித்தேன். வாசலிலிருந்தே மேஜருக்குத் தெரிந்தது.

வெள்ளையாக, அடைத்த மாதிரியே இருந்தது.

"மூடிடுங்க ஐயா" என்றார். மூடினேன். துணியை நனைத்தபடியே பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினேன். அவர் அங்கேயே நின்று ஃபோனில் பேசினார். "அஞ்சு பிளாக்கையும் காலி பண்ணி சீல் வைங்க. சாம்பிள் டெஸ்ட் ஆகி வர்ற வரைக்கும் யாரும் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. ஆமா, என் பொறுப்பு."

திரும்பும் பஸ்ஸில் சுலோச்சனா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

எனக்குத் தெரியாது என்று இங்கே எழுதினால் அது பொய். பன்னிரண்டாவது படியில் அவள் நின்றபோதே தெரியும். பெயிண்ட், வெயில் என்று எழுதியது நான்தான். பக்கத்து வீட்டில் பெயிண்ட் வேலை ஜூன் பத்தாம் தேதியே முடிந்துவிட்டது.

ஜூலை 13, புதன்

நான் டீ போட்டேன். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

"எப்ப தெரியும்?"

"உங்க ரிப்போர்ட்டை பீரோ மேல வெச்சீங்க. மருந்துக்கடைப் பொண்ணுகிட்ட காட்டினேன், அவ படிச்சுச் சொன்னா. பாக்கியநாதன்கிட்ட நீங்க பேசினதையும் கேட்டேன். நான் உதறினதுதானே அந்தத் தூசி? நேரா டாக்டரம்மாகிட்ட போயிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சேத்துமலையை விட்டுட்டு என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. அங்க பன்னிரண்டு பேர் போறாங்க."

நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். என்ன வார்த்தை என்று இப்போது ஞாபகம் இல்லை. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க என்ன தெரிஞ்சா கொண்டாந்தீங்க? அதைப் பேசி ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஹேமாவுக்கு யார் சொல்றது? அதைச் சொல்லுங்க."

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. ஹேமலதா அந்த வாசலில்தான் தவழ்ந்தாள்.

சாயங்காலம் நானே ஓசூரில் இருக்கும் ஹேமலதாவுக்கு ஃபோன் செய்தேன். சுவரைத் திறந்ததைவிட அது கஷ்டமாக இருந்தது. முதலில் என்னைப் பற்றிச் சொன்னேன், அப்புறம் அம்மாவைப் பற்றி, அப்புறம் அவளைப் பற்றி. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "நாளைக்கே லீவு போட்டுட்டு வரேன்பா. டாக்டர் எத்தனை மணிக்கு இருப்பாங்க?" என்றாள். அம்மாவைப் போலத்தான் இருக்கிறாள்.

ஜூலை 14, வியாழன்

ஹேமலதாவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். சுத்தமாக இருக்கிறது. வயதானபின் மூச்சில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் இந்த விவரத்தைச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். தன் எக்ஸ்ரேக்கு அழாத சுலோச்சனா, இதைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

ஜூலை 18, திங்கள்

இன்றுதான் வேலை ஆரம்பித்திருக்க வேண்டிய நாள். பாக்கியநாதன் வீட்டு வாசலில் ஏணியும் பெட்டிகளும் அப்படியே கிடக்கின்றன. என்னைப் பார்த்தான். உள்ளே போய்விட்டான்.

பால் பூத், மூன்று நிறுத்தம். சுலோச்சனாவும் வந்தாள், அவளுக்கு ஒன்று.

ஆகஸ்ட் 4, வியாழன்

மேஜர் அனுராதா ஃபோன் செய்தார். சாம்பிள் ரிசல்ட் வந்துவிட்டது. ஐந்து பிளாக்கிலும் கல்நார் இருக்கிறது. பாய்லர் அறைக் குழாய்களில் சுற்றிய வெள்ளைக் கயிறும் அதேதான்.

"ஐயா, சுவருக்குள்ள இருக்கறதை எடுக்கப் பயிற்சி உள்ள குழு வெளியிலிருந்து வரணும். ஈரப்படுத்தித்தான் எடுப்பாங்க. அதுக்கு ஏழெட்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் சமையற்கூடத்துக்கும் மருத்துவ அறைக்கும் மட்டுமாவது புது லைன் வேணும். அந்த ரெண்டும் மூணாவது பிளாக்கை ஒட்டியே இருக்கு. சுவரைத் தொடாம லைன் போட வழி இருக்கா?"

"ரெண்டு நாள் டைம் குடுங்க மேடம்" என்றேன்.

அவர் வைக்கவில்லை. "அந்தக் கடிதத்துக்கு அன்னைக்கு நான் அப்படிப் பதில் போட்டிருக்கக் கூடாது" என்றார்.

"நீங்க கதவைத் திறந்தீங்களே, அது போதும்" என்றேன்.

ஆகஸ்ட் 6, சனி

சாப்பாட்டு மேஜை முழுக்க சார்ட் பேப்பர். கண்ணை மூடினால் அந்த முகாம் அப்படியே வருகிறது. கருங்கல் அடித்தளம் இருக்கிறது. பத்தடிக்கு ஒரு கான்கிரீட் தூண். ஜன்னல் சட்டம் தேக்கு. லைனைக் கல்லோடு ஓட்டி, தூணில் ஏற்றி, ஜன்னல் சட்டத்தைத் துளைத்து உள்ளே விட்டால் சுவரில் ஒரு துளைகூட வேண்டாம். கேபிள் கூடுதலாகும், பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும். தொடக்கூடாத இடத்தை எல்லாம் சிவப்புப் பென்சிலால் அடித்தேன்.

படத்தைச் சுருட்டிக்கொண்டு நானே பாக்கியநாதன் கடைக்குப் போனேன். அவன் எழுந்திருக்கவில்லை. விரித்து வைத்தேன். பத்து நிமிஷம் பார்த்தான்.

"ஜன்னல் சட்டத்து வழியாவா?"

"மரம்தானே. துளைச்சா மரத்தூள்தான் வரும்."

விரலை வைத்து லைனைத் தொடர்ந்து கொண்டே போனான். இரண்டாவது தூணுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மழைத்தண்ணீர்க் குழாய் இடிக்கும் என்றான். அது எனக்கு மறந்துவிட்டது. அங்கே வளைத்துப் போட்டோம். அப்புறம் உள்ளே பார்த்து, "அண்ணனுக்கு டீ கொண்டா" என்று குரல் கொடுத்தான்.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

முகாமில் நடக்கும் வேலையைப் பார்க்கப் போனேன். எல்லோருக்கும் நல்ல மாஸ்க், வடிகட்டி வைத்தது, முகாமிலேயே கொடுத்திருக்கிறார்கள். உடுப்பும் அங்கேயே மாற்ற வேண்டும், வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அது சுலோச்சனா சொல்லி மேஜர் சேர்த்த விதி.

மதியத்தில் பாக்கியநாதன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டான். புழுக்கம். "இங்க ஒண்ணும் துளைக்கலையேண்ணே" என்றான். நான் வாதாடவில்லை. மருத்துவ அறைக்குப் போகும் கல்படி பக்கத்தில் இருந்தது. "வா, மேல லைன் எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்று கூப்பிட்டேன்.

ஐந்தாவது படியில் நின்றேன். அவனும் நின்றான். ஒன்பதாவதில் உட்கார்ந்தேன். என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. அவன் வேறு எங்கோ பார்த்தான். பதினான்காவதில் கையைக் கொடுத்தான், பிடித்துக்கொண்டேன். மேலே போய் லைனைப் பார்த்தோம், நன்றாகப் போட்டிருந்தார்கள். இறங்கும்போது மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டான். கீழே போனதும் மற்றவர்கள் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

ஆகஸ்ட் 30, செவ்வாய்

முனிரத்தினத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கிறான். ஃபோனில், "லைன் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டான். நேற்று மருத்துவ அறைக்குக் கொடுத்தாகிவிட்டது என்றேன். "எத்தனை துளை?" "சுவர்ல ஒண்ணுமில்ல." அவன் சிரிக்க முயற்சி செய்து இருமினான். ரொம்ப நேரம் இருமினான். நான் வைக்காமல் காத்திருந்தேன்.

செப்டம்பர் 6, செவ்வாய்

மூன்று மாதம். டைரியை டாக்டர் மெர்சியிடம் கொடுத்தேன். உட்கார்ந்து படித்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, முடிக்காமல் விட்ட வாக்கியத்தைக் காட்டினார். "இதை அப்புறம் முடிச்சீங்களா?"

"அவ முடிச்சா" என்றேன்.

எனக்கு மூச்சு அளவு ஜூனில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் நடக்கும் தூரம் கூடியிருக்கிறது. இரண்டும் ஒன்றாக நடக்குமாம். சுலோச்சனாவின் தடிப்பு அப்படியே இருக்கிறது. இருமலுக்கு மருந்து மாற்றியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

டாக்டர் சுலோச்சனாவைப் பார்த்து, "அந்த குவார்ட்டர்ஸ்ல இன்னும் எத்தனை குடும்பம் இருந்துச்சு?" என்றார்.

"பதினாலு."

"அவங்க எல்லாரும் துணி தோய்ச்சிருப்பாங்க."

வீட்டுக்கு வந்ததும் சுலோச்சனா என்னிடம் ஒரு தாளும் பேனாவும் கேட்டாள்.

செப்டம்பர் 17, சனி

பதினான்கில் ஒன்பது பேரைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் ஐந்து நாளில் இரண்டு பேரைத் தேடினேன். இவள் பத்து நாளில் ஒன்பது. யாருக்கு எந்த ஊர் தங்கை, யார் மகள் எங்கே வாத்தியார் என்று அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. டாக்டர் மெர்சி வரும் 28ஆம் தேதியை இவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். வர்கீஸ் மனைவியும் வருகிறார். ஆறு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் யோசிக்கிறார்கள்.

இன்று மதியம் தேவகிக்குப் போட்டாள். குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த கதவு. அவள் கணவர் சுவர் பக்கம் போகாத ஆள், ஸ்டோரில் இருந்தார். ஆனால் அந்த மூட்டைகள் ஸ்டோரில்தான் இறங்கின. தேவகியின் குரல் எனக்கே கேட்டது. "எனக்கு ஒண்ணும் இல்ல சுலோ. அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு. இந்த வயசுல எதுக்கு என்னைப் பயமுறுத்தற?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சுலோச்சனா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போதும், அவளை விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இரண்டு தடவை இருமி, தண்ணீர் குடித்து, தொண்டையைச் சரி செய்துகொண்டு மறுபடியும் அதே நம்பரைப் போட்டாள். ரொம்ப நேரம் மணி அடித்தது.

"தேவகி, நான்தான். பயமுறுத்தல. பொள்ளாச்சியிலேருந்து காலைல எத்தனை மணிக்கு பஸ்னு மட்டும் சொல்றேன், எழுதிக்கோ."

சுலோச்சனா ஃபோனை வைக்காமல் காத்திருந்தாள்.

அப்புறம், அந்தப் பக்கம் இழுப்பறையைத் திறந்து பேனா தேடும் சத்தம் கேட்டது.